நனையும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

கான்கிரீட் வீட்டில் வாழ்வோர் பலரும் ஒன்றை அனுபவத்தில் அறிந்திருப்பர். கூடத்துச் சுவரில் ஈரம் படரும்; வெடிப்போ அடுக்களைக்கு மேலே மொட்டைமாடியில் இருக்கும். நீர் நுழைந்த வாயிலும் அது கண்ணுக்குத் தெரிந்த இடமும் ஒன்றாயிருப்பது அரிது. இடையே அது கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடும், இடுக்கில் ஊறும், சரிவு எங்கே அழைக்கிறதோ அங்கே செல்லும். ஆகவே ஈரம் தெரிந்த இடத்தில் சுண்ணாம்பை அப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று கைகழுவுகிறவன் அடுத்த மழையில் மீண்டும் ஏணியைத் தேடுவான்.

வீட்டுக்குப் பொருந்தும் இந்த உண்மை வண்டிக்கும் பொருந்தும் என்பதை எங்கள் குடும்பத்துப் பிக்கப் வண்டியில் கண்டோம். சரக்கு வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. அவர்களுக்கு இது பயன்படும் என்று எண்ணியே எழுதுகிறோம்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஏற்ற இறக்கமான ஒரு சிற்றூரில் வாழ்கிறோம். வாழைக்குலைகளை ஏற்றி வடசேரிச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்காக 2021-இல் பழைய பிக்கப் வண்டி ஒன்றைக் கடன் பெற்று வாங்கினோம். அண்ணன் வண்டி ஓட்டுவார். கிளீனராக அடுத்த தெருவைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வருகிறான். தந்தையை இழந்தவன், தாய்க்கும் தங்கைக்கும் அவன் கொண்டுவரும் கூலியே சோறு. மாலையில் சுமை இறக்கித் திரும்பியபின், கேபினைத் துடைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அவன் பொறுப்பு.

எங்கள் மாவட்டத்திற்கு மழை இருமுறை வரும். ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் மற்றொன்று. 2023 அக்டோபரில் இரவு மழை தொடர்ந்து பெய்தது. காலையில் கதவைத் திறந்தால், இடப்பக்க இருக்கையின் கீழே, கால் வைக்கும் இடத்தில் நீர் தேங்கி நின்றது. மேட்டைத் தூக்கினால் அதன் அடியிலுள்ள பஞ்சு ஊறிக் கனத்துக் கிடந்தது. நான்கு நாட்களில் கேபின் முழுவதும் பூஞ்சை நாற்றம். தரைத் தகட்டில் துரு தோன்றியது. அதற்குச் சற்று மேலேதான் மின்கம்பிகள் இணையும் பெட்டி இருக்கிறது. ஓர் இணைப்பில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. ஈரம் பட்ட செம்புக் கம்பியின் நோய் அது. அதை விட்டால் ஒருநாள் நடுவழியில் விளக்கு அணையும். அல்லது வண்டியே நின்றுவிடும். தவணை கட்ட வேண்டிய வண்டி நின்றால், வீடும் உடன் நின்றுவிடும்.

பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கால்மணி நேரம் நீர் அடித்தார்கள். உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. ஆயினும் ஐயத்திற்கென்று முன்கண்ணாடியைச் சுற்றிலும் சிலிக்கான் பசையைத் தடவினார்கள். அதற்கும் பணம் வாங்கிக்கொண்டு, "வண்டியில் குறை இல்லை. இரவில் யாரோ கண்ணாடியை இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள்" என்று தீர்ப்பும் வழங்கினார்கள்.

அந்தச் சொல் ஊருக்குள் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. உறவினர் சிலர், பையனின் கூலியில் பிடித்தம் செய்யுங்கள் என்றார்கள். வேறு சிலர், ஆளையே மாற்றுங்கள் என்றார்கள். அவன் அண்ணன் முன் வந்து நின்றான். "அண்ணாச்சி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் நான் போனேன். ஒருநாளும் மறந்ததில்லை" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் சற்று நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பார்ப்போம். அதுவரை யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார். எங்கள் வீட்டில் அன்று பேசப்பட்டவற்றுள் சிறந்த சொல் அதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

தேடுதலில் முதற்படி, வந்தது எந்த நீர் என்று அறிதல். வண்டிக்குள் சேரும் நீரெல்லாம் மழைநீர் அன்று. குளிர்சாதனம் உள்ள வண்டியில், அதன் வடிகுழாய் அடைத்துக்கொண்டால், தெளிந்த நீர் காலடியில் சொட்டும். குளிர்சாதனம் ஓடும்போது மட்டுமே அது வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கசிந்தால், அது பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், விரலில் வழுக்கும், இனிப்பான மணம் வீசும். எங்கள் வண்டியில் குளிர்சாதனம் இல்லை. நீரும் நிறமற்றது, மணமற்றது, மழை இரவுகளில் மட்டுமே வருவது. ஆகவே ஐயமின்றி மழைநீர்.

மழையின் அளவைச் சிறிதாக எண்ணலாகாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். கேபினின் கூரையும் முன்கண்ணாடியும் சேர்ந்து 2 சதுர மீட்டர் என்று கொண்டால், 5 சென்டிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் நீர் அதன்மேல் விழுகிறது. அதில் நூறில் ஒரு பங்கு உள்ளே புகுந்தாலும் ஒரு லிட்டர் ஆயிற்று. பெரிய ஓட்டை வேண்டியதில்லை, ஊசித்துளை போதும்.

இரண்டாம் படி, எப்போது வருகிறது என்று அறிதல். அண்ணன் ஒரு பழைய நோட்டில் ஒரு வாரம் குறித்துவந்தார். கொட்டும் மழையில் சந்தைக்கு ஓடிய நாளில் உள்ளே ஈரமில்லை. சந்தையில் மழையில் நின்ற இரவிலும் ஈரமில்லை. வீட்டு முற்றத்தில் நின்ற மழை இரவுகளில் மட்டும் நீர். அவற்றுள் இரண்டு இரவுகளில் அண்ணனே கையில் விளக்குடன் சென்று கண்ணாடிகள் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். அவ்விரண்டு காலைகளிலும் நீர் நின்றது. பையன்மேல் சொல்லப்பட்ட பழி அந்த நோட்டிலேயே பாதி கழிந்துவிட்டது.

வீட்டு முற்றத்திற்கும் சந்தைக்கும் என்ன வேற்றுமை? முற்றம் சரிவானது. அங்கே வண்டியின் மூக்கு தாழ்ந்து, இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். சந்தையும் பட்டறையும் சமதளம். ஆகவே வண்டி நனையும் நிலையிலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். இருக்கையைக் கழற்றினோம், மேட்டையும் பஞ்சையும் எடுத்து வெயிலில் இட்டோம், தரையைத் துணியால் ஒற்றி முற்றிலும் உலர்த்தினோம். பின்னர் காலடித் தகட்டிலும் அதன் பக்கச் சுவரிலும் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினோம். நீர் ஒரு கோடாக இறங்கினால் பவுடரில் அதன் தடம் தெரியும்.

கதவு ரப்பரை நீரின்றியே சோதிக்கலாம். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியிலிருந்து இழுக்க வேண்டும். எளிதில் உருவி வந்தால், அங்கே ரப்பர் அழுத்தவில்லை என்று பொருள். எங்கள் கதவில் சுற்றிலும் காகிதம் இறுகப் பிடித்தது. கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளையும் கம்பியால் குத்திப் பார்த்தோம். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறுவதற்கென்றே அவை வைக்கப்பட்டுள்ளன. மண் அடைத்தால், நீர் கதவுக்குள் தேங்கி உள்ளே வழியும். பேனட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் புளிய இலைகள் கைப்பிடியளவு கிடந்தன. அவற்றை வாரி வடிகாலைத் திறந்தோம். பல வண்டிகளில் குற்றவாளி அந்த இலைக்குப்பைதான். வடிகால் அடைத்தால், நீர் மட்டம் உயர்ந்து, காற்று உள்ளே வரும் வழியாகக் காலடியில் கொட்டும்.

அதன்பின் நீர்ச் சோதனை. இதில் ஒரு விதி உண்டு: கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எந்த இடத்தில் புகுந்தது என்று சொல்ல இயலாது. குழாயைப் பீய்ச்சி அடிக்கவும் கூடாது. மழைபோல் மெதுவாக விழவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். நீர் உள்ளே வழி கண்டுபிடித்து வருவதற்குக் காலம் வேண்டும்.

கேபினுக்குள் விளக்குடன் குனிந்து உட்கார ஒருவர் வேண்டும். "நான் உட்காருகிறேன், அண்ணாச்சி" என்று பையனே முன்வந்தான்.

முதலில் இலை வாரிய பள்ளம், உள்ளே உலர்ந்திருந்தது. அடுத்துக் கதவின் அடி, நடு, மேல், உலர்ந்திருந்தது. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்கங்கள், மேல்விளிம்பு, உலர்ந்தே இருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தது. கடைசியில் கூரை. கூரையின் பின்பகுதியில் நீரை விட்டதும், சரிவின் காரணமாக அது முழுவதும் முன்னோக்கி ஓடி, இடப்பக்க முன்மூலைக்குத் திரண்டது. ஆறாவது நிமிடத்தில் உள்ளிருந்து குரல் எழுந்தது: "அண்ணாச்சி, இதோ! தூணுக்குள்ளிருந்து இறங்குகிறது!"

முன்கண்ணாடியை ஒட்டிய இடப்பக்கத் தூணின் அடியில், பவுடரின்மேல் ஒரு கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது.

கூரையின் உள்துணியை அந்த மூலையில் விலக்கிப் பார்த்தோம். தகட்டின் அடியில் துருக்கறை ஒரு பாதைபோல் ஓடியது. அதைப் பின்பற்றிச் சென்றபோது இரண்டு திருகுத் துளைகள் தென்பட்டன. முன்பு வண்டி வைத்திருந்தவர் முன்கண்ணாடிக்கு மேலே பெயர்ப்பலகை ஒன்றைத் திருகி மாட்டியிருந்திருக்கிறார். பின்னர் அதைக் கழற்றித் துளைகளைப் பட்டி வைத்து மூடி, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். பட்டி காய்ந்தால் கல்போல் ஆகிவிடும். வண்டி ஓட ஓடத் தகடு அதிரும். அதிரும் தகட்டில் அதிராத பட்டி எத்தனை நாள் நிற்கும்? மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. வெளியே வண்ணம் அதை மறைத்திருந்தது. சமதளத்தில் கூரையின் நீர் பின்னோக்கி ஓடிவிடும். ஓட்டத்தின்போது எதிர்க்காற்று அதைத் தள்ளிவிடும். முற்றத்துச் சரிவில் மட்டும், கூரை நீர் முழுவதும் அந்த இரு துளைகளின்மேல் நடந்தது.

டிங்கர் வேலை செய்பவரை அழைத்தோம். அவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவைத்து, பட்டியையும் துருவையும் சுரண்டி, சிறு தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார். மேலே துருத்தடுப்புப் பூச்சும், வளைந்துகொடுக்கும் சீலண்டும், வண்ணமும் இட்டார். கண்ணாடியைச் சுற்றிப் பட்டறையில் தடவிய பசையை அவர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். காடி மணம் வீசும் சிலிக்கான் பசை காயும்போது அமிலத்தை வெளியிடும். வண்ணம் போன இரும்பில் அது துருவை வளர்க்கும். அதையும் சுரண்டி எடுத்தோம். மொத்தச் செலவு வண்டியின் ஒரு நாள் வாடகையை எட்டவில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் மாவட்டத்திலும் பலத்த மழை. அன்றும் வண்டி அதே சரிவில்தான் நின்றது. காலையில் பையன் கதவைத் திறந்து மேட்டின் அடியில் கைவைத்துப் பார்த்தான். பஞ்சு உலர்ந்திருந்தது. அவன் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. இன்றும் எங்களுடன் இருக்கிறான்.

வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே. மழைக்காலத்திற்கு முன் பள்ளத்து இலைகளை வாருங்கள். கதவடித் துளைகளைத் திறந்துவிடுங்கள். பழைய வண்டி வாங்கும்போது கூரையை விரலால் தடவி, மூடிய துளைகள் உண்டா என்று பாருங்கள். ஈரம் கண்டால் மேட்டைத் தூக்கி உலர்த்துங்கள். பசையைத் தேடி ஓடாமல், நீரின் வழியைத் தேடுங்கள். வண்டி எந்த நிலையில் நனைகிறதோ அந்த நிலையிலேயே சோதியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டி நனைந்தால் கிளீனர், கணக்கு குறைந்தால் கடைப்பையன், பாத்திரம் காணாவிட்டால் வேலைக்காரப் பெண் என்று, குறை தெரிந்த இடத்திற்கு மிக அருகில் நிற்கும் எளியவர்மேல் நம் விரல் விரைந்து நீளுகிறது. அருகில் நிற்பதே குற்றத்திற்குச் சான்று ஆகாது. ஒரு பழைய நோட்டும், ஒரு பிடி பவுடரும், ஒரு மணி நேரப் பொறுமையும் செலவிட்டால் தெரியக்கூடிய உண்மைக்காக, ஒருவனின் நற்பெயரையும் அவன் வீட்டுச் சோற்றையும் பறிப்பது எவ்வகையில் நியாயம்? நீரின் வழியைத் தேடுவதற்குப் பொறுமை உள்ள வீட்டில், மனிதரின் சொல்லைக் கேட்பதற்கும் பொறுமை இருக்கட்டும்.