இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

அட்லாண்டாக்காரர்களான மைக் சாப்மன், மேட் சாப்மன் சகோதரர்கள் உருவாக்கிய இணையக் கார்ட்டூன் ‘ஹோம்ஸ்டார் ரன்னர்’. அதன் ரசிகர்கள் கூடி ஒரு பெரிய குறிப்புக் களஞ்சியமே தொகுத்திருக்கிறார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று அவர்கள் மல்லுக்கு நிற்பது, கார்ட்டூனைவிடவும் எனக்குப் பிடித்தமானது. ஒருவர் ஒரு துணுக்கைக் கொண்டுவருவார். “வெறும் தற்செயல்” என்பார் இன்னொருவர். “இதுதான் எல்லாருக்கும் தெரியுமே” என்பார் மூன்றாமவர். பிறகு ஓட்டெடுப்பு. திரையின் மூலையில் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகிற ஒரு பொருளுக்காக இத்தனை வழக்கு! ஒரு படைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று தெரியவில்லை.

அந்தப் பெயர் வந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியில் மார்க் லெம்கி என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். இரண்டாம் பேஸில் நிற்பவர். உழைப்பாளி, ஹோம் ரன்களாக விளாசித் தள்ளுகிறவர் அல்ல. உள்ளூர் மளிகைக் கடை விளம்பரம் ஒன்றைச் சகோதரர்களின் நண்பர் ஒருவர் மிமிக்ரி செய்து காட்டினார். அவருக்கு விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது. காதில் விழுந்திருந்த சொற்களைக் குத்துமதிப்பாகக் கோத்து, லெம்கியை பிரேவ்ஸ் அணியின் ‘ஹோம் ஸ்டார் ரன்னர்’ ஆக்கிவிட்டார். பேஸ்பாலில் அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1996-இல் மைக்கும் கிரெய்க் ஸோபெல் என்ற நண்பரும் விளையாட்டாகச் செய்த சிறுவர் புத்தகத்தின் நாயகனுக்கு அதையே சூட்டினார்கள். 2000-இல் அவன் இணையத்துக்கு வந்தான். அவன் பெயரைப் பார்த்து லெம்கியையோ மளிகைக் கடையையோ யாராலும் ஊகிக்க முடியாது. ஆனால் கதை தெரிந்த பிறகு, கையே இல்லாமல், தலையில் விசிறித் தொப்பியோடு திரியும் அந்த வெள்ளந்தி வீரனைப் பார்க்கும்போதெல்லாம், ஒன்றும் தெரியாமலே விளையாட்டைப் பற்றி அடித்துவிட்ட அந்த நண்பரின் குரலும் கூடவே கேட்கிறது.

‘தற்செயல்’ என்று தள்ளுகிறவர்கள் பக்கம்தான் நானும். இரண்டு படங்களில் ஒரே நிறச் சட்டை வந்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று எழுதுவது வீண் வேலை. ‘எல்லாருக்கும் தெரியுமே’ என்று தள்ளுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் தொடரில் ஸ்ட்ராங் பேட் என்ற முகமூடிக்காரன், குத்துச்சண்டைக் கையுறையைக் கழற்றாமலே ரசிகர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் தட்டச்சு செய்வான். அவனுடைய கணினிகளில் ஒன்று காம்பி 386, இன்னொன்று லாப்பி 486. 386 என்பது இன்டெல் 1985-இல் கொண்டுவந்த சில்லு. 2000-களின் தொடக்கத்தில் அந்த எண்ணைக் கேட்டதுமே ‘ஓட்டைக் கம்ப்யூட்டர்’ என்று புரிந்து சிரித்தார்கள். இன்றைய கல்லூரிப் பிள்ளைக்கு அது வெறும் எண்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தம் காலத்தில் கைக்குக் கிடைத்த இசை, நாடக நூல்களைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுகிறார். மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று ஒன்று இருந்ததை நாம் அறிவது அவர் உரையால்தான். தெரிந்ததுதானே என்று அவர் விட்டிருந்தால் அந்தப் பெயரும் போயிருக்கும்.

இந்தக் கார்ட்டூனுக்கும் கிட்டத்தட்ட அந்த நிலை வந்தது. ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த படங்கள் அவை. படம் முடிந்தபின் திரையில் ஏதோ ஒரு சொல்லையோ பொருளையோ சொடுக்கினால் ஒளித்துவைத்த காட்சி திறக்கும். யூடியூபில் ஏற்றியபோது சொடுக்க இடமில்லாமல் போயிற்று. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷையே கைவிட்டது. எந்தப் படத்தில் எங்கே சொடுக்கினால் என்ன வரும் என்று ரசிகர்கள் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருந்த குறிப்புகளின் அருமை அப்போதுதான் தெரிந்தது. குறிப்பு எழுதப்பட்ட நாளில், மவுஸைப் பிடித்த எவரும் தாமே கண்டுபிடித்துவிடக்கூடிய விஷயம்தான் அது.

ரஃபிள் என்ற மென்பொருளின் தயவில் பழைய படங்கள் இப்போது மறுபடி ஓடுகின்றன. 2003-இல் வந்த ட்ரோக்டோர் என்னும் டிராகன் படத்திலிருந்து தொடங்குங்கள். ‘எஸ்’ என்ற எழுத்தில் ஆரம்பித்து, பல்லும் முள்ளும் வைத்து, கழுத்துக்குப் பின்னால் முறுக்கேறிய ஒற்றைக் கையையும் ஸ்ட்ராங் பேட் ஒட்டவைப்பான். எந்தப் படமானாலும், முடிந்ததும் மூடிவிடாதீர்கள். அங்கங்கே சொடுக்கிப் பாருங்கள்.