அரசன் இருந்த கோட்டை

"நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை" என்று வேலூரைப் பரிகசிப்பது வழக்கம். ஆற்றைக் குறித்து நாம் வாதாட வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளைக் கடந்து வருவோர் பாலாற்றின் கதியை அறிவர். ஆனால் கோட்டையில் அரசர் இருந்தார், கைதியாக!

கோட்டைக்குள் இருக்கும் அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் பழங்கால வெண்கல வாளும் கற்சிற்பங்களும் உண்டு. நாம் நெடுநேரம் நின்றதோ தந்தச் சதுரங்கப் பலகையின் முன்னால். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் ஆடிய பலகை அது. மதுரை நாயக்கர் உறவில் வந்த அவரை ஆங்கிலேயர் 1815-ல் பிடித்து, மறு வருஷம் இங்கே கொண்டுவந்து வைத்தனர்.

அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன், 1806 ஜூலை 10-ந் தேதி, சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றியதும் இதே கோட்டையில்தான். நெற்றிக் குறியை அழி, தாடியை மழி என்ற உத்தரவுகளோடு, புதுத் தலைப்பாகையில் தோல் சின்னமும் வந்ததை அவர்கள் பொறுக்கவில்லை. தோலுக்குப் பேர்போன சீமையில் ஒரு துண்டுத் தோல் செய்த வேலையைப் பாருங்கள்!

சதுரங்கத்தில் ராஜாவை வெட்டுவதில்லை. நகர வழியின்றி அடைத்துவிடுவார்கள். மன்னர் அவ்விதம் பதினாறு வருஷம் இருந்து 1832-ல் காலமானார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் அங்கும் போய் வரலாம், அதிக தூரமில்லை.