நான்காவது பம்பு

ஒரு வீட்டில் ஒரே வருஷத்தில் மூன்று சமையற்காரர்கள் வேலையை விட்டு ஓடிவிட்டார்களானால், ஊரார் சமையற்காரர்களைக் குறை கூறுவதில்லை. அந்த வீட்டு எஜமானரின் குணம் எப்படிப்பட்டது என்றுதான் விசாரிப்பார்கள். மனிதர் விஷயத்தில் இவ்வளவு சுலபமாக உதிக்கும் இந்த நியாயம், யந்திரங்களின் விஷயத்தில் மட்டும் ஏனோ நமக்கு உதிப்பதில்லை. ஒரே யந்திரத்தில் ஒரே உறுப்பு மூன்று தடவை கெட்டாலும், "உறுப்பு மட்டம், வேறு வாங்கு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதனால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்படி நேரவிருந்த ஒரு சங்கதியை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் வசிக்கும் ஊர் விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் ரயில் மார்க்கத்தில், சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரியும் ஜங்ஷன். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்டிருப்பதால் பக்தர்களுக்குத் தெரிந்த ஊர். பீங்கான் தொழிலால் வியாபாரிகளுக்கும் தெரிந்த ஊர். பீங்கான் தொழில் நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு உண்டு. ஊரைச் சுற்றி முந்திரித் தோப்புகளும், நிலக்கடலைக் கொல்லைகளும், நெல் வயல்களும் பரந்து கிடக்கின்றன. சூளையும் கலப்பையும் அண்டை வீட்டுக்காரர்களாய் வாழும் இடம் என்று சொல்லலாம்.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் பௌதிகம் படித்த இளைஞர் ஒருவர், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மினி டிராக்டர் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். பெரிய டிராக்டர் நுழைந்து திரும்ப முடியாத தோப்புகளில் சிறியது சுலபமாக நுழைந்துவிடும். உழவில்லாத நாட்களில் டிரெய்லர் பூட்டிப் பீங்கான் பட்டறைகளுக்கு மண்ணும் மாவு மூட்டையும் ஏற்றலாம். கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான். ஆனால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்பு நான்கே மாதத்தில் உயிரை விட்டது. புதிதாகப் போட்டது இரண்டு மாதம் இருந்தது. மூன்றாவது, மூன்று வாரத்தில் முடிந்தது. விருத்தகாசி எனப் பெயர் பெற்ற இத்தலத்தில் இறந்தால் முக்தி என்பது முன்னோர் நம்பிக்கை. பம்புகளும் அதைக் கேள்விப்பட்டுவிட்டன போலும்!

வேடிக்கையாகச் சொல்கிறோமே தவிர, விஷயம் வேடிக்கையன்று. மூன்றாவது பம்புக்காக அவர் மனைவியின் வளையல்கள் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. கடலை விதைப்புக்கு உழவு கேட்டவர்கள் வேறு வண்டியைத் தேடிக்கொண்டார்கள். கடன் தவணையோ காத்திருக்கவில்லை. டிராக்டரைப் பாதி விலைக்குக் கேட்டு ஒரு தரகர் வாசலில் வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்த இளைஞர் நம்மிடம் வந்தார்.

"ஐயா, பம்பு விற்றவர் மாட்டினது சரியில்லைங்கறார். மாட்டினவர் சரக்கு சரியில்லைங்கறார். நான் யாரை நம்பறது?" என்றார்.

"ரெண்டு பேரையும் இப்போதைக்கு விட்டுவிடு, தம்பி. செத்துப்போன மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. அவற்றைக் கேட்போம்" என்றோம்.

கேட்பதற்கு முன்னால், அந்தப் பம்பு செய்யும் உத்தியோகம் இன்னதென்று நேயர்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா? அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மேதை பாஸ்கல் கண்டார். அந்த உண்மையைக் கொண்டு 1795இல் ஆங்கிலேயத் தொழிலாளர் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அதை உழவனிடம் கொண்டுவந்து சேர்த்தவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸன். கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் அதை ஏற்றி இறக்கும் அவருடைய முறை, 1939இல் ஹென்ரி போர்டின் டிராக்டரில் ஏறி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. துர்காபூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே வடிவமைத்த டிராக்டர், 'ஸ்வராஜ்' என்ற அழகிய பெயருடன் 1974இல் பஞ்சாபிலிருந்து வெளிவந்தது. இவை யாவற்றிலும் கலப்பையைத் தூக்குவது அந்த எண்ணெய்தான்.

பம்புக்குள் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்விச் சுழல்கின்றன. ஒரு பக்கம் எண்ணெயை வாங்கி, மறுபக்கம் தள்ளுகின்றன. தள்ளும் பக்கத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவும் அதற்கு மேலும் ஏறக்கூடும். ஆனால் வாங்கும் பக்கம் இருக்கிறதே, அது பரம ஏழை. பம்பு எண்ணெயை உறிஞ்சுவதாக நாம் வழக்கமாகச் சொல்கிறோம். உண்மையில் வெளியிலுள்ள காற்றுத்தான் எண்ணெயைப் பம்புக்குள் தள்ளிவிடுகிறது. காற்றின் பலமோ சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. அதற்குமேல் ஒரு குண்டுமணி கூட எதிர்பார்க்க முடியாது. ஆகவே வரும் வழியில் சிறு அடைப்பு இருந்தாலும் பம்பு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

பட்டினி கிடக்கும் பம்புக்குள் ஒரு விபரீதம் நேர்கிறது. அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் எண்ணெய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை அழுத்தம் மிகுந்த பக்கம் போய்ச் சேர்ந்ததும் நசுங்கி உடைகின்றன. உடையும்போது உலோகத்தைச் சிறு உளியால் கொத்துவதுபோல் கொத்துகின்றன. ஆவிக் குமிழிதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். 1894இல் சார்லஸ் பார்ஸன்ஸ் தமது டர்பீனியா என்னும் படகை வெள்ளோட்டம் விட்டபோது, அதன் வேகத்தைக் கெடுத்தவை இத்தகைய குமிழிகளே. அவை உடையும்போது எழும் பிரம்மாண்டமான அழுத்தத்தை 1917இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்.

மூன்று பம்புகளும் நம் வீட்டுத் திண்ணையில் பழைய செய்தித்தாளின்மேல் பிரித்து வைக்கப்பட்டன. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரையும் அழைத்திருந்தோம். பீங்கான் தொழிலிலேயே தலை நரைத்தவர். அவருக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உடைந்த பொருளைப் பார்க்கத் தெரியும்.

"வாத்தியாரே, விரிசல் சூளையிலேதான் கண்ணுக்குத் தெரியும். ஆனா அது பிறந்தது மண்ணு பிசைஞ்ச இடத்திலே. சூளையைத் திட்டிப் பிரயோஜனமில்லே" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அழுத்தம் மிஞ்சிப் போயிருந்தால் பம்பின் தண்டு முறிந்திருக்கலாம், கூடு வெடித்திருக்கலாம். அப்படி ஒன்றுமில்லை. மீட்டர் வைத்துப் பார்த்ததில், மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீப் வால்வும் சரியாகவே திறந்தது. ஆகவே அது நிரபராதி. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் போல வெளுத்திருக்கும். சூடான இரும்பில் ஒரு சொட்டு விட்டால் சடசடக்கும். இரண்டும் இல்லை. முதற் பம்பின் பக்கத் தகடுகளில் வட்ட வட்டமாகக் கீறல்கள், கிராமபோன் தட்டைப்போல. இரண்டாவதில் கீறல்கள் இன்னும் ஆழமாக இருந்தன. மூன்றாவதில் கீறல்களோடு கூட, பற்களின் முகமெல்லாம் அம்மைத் தழும்புகள்!

"இது மாட்டின நாளிலேயிருந்தே அம்மியிலே கூழாங்கல்லை அரைக்கிறாப்போல சத்தம் போட்டுதுங்க" என்றார் இளைஞர். குமிழிகள் கொத்திய சத்தம் அதுவே.

ஆக, குற்றங்கள் இரண்டு. கீறல் போட்டது தூசி. தழும்பு போட்டது பட்டினி. தூசி எங்கிருந்து வந்தது? டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைத்தோம். காலையில் அடியில் மினுமினுக்கும் உலோகப் பொடியும், அதோடு வெளிறிய வண்டல் ஒன்றும் படிந்திருந்தன. பெரியவர் அந்த வண்டலை மண்ணெண்ணெயில் அலசி, இரண்டு நகங்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். அவர் முகம் மாறிற்று.

"இது களிமண்ணு இல்லே, சார். களிமண்ணு வெண்ணெய் மாதிரி வழுக்கும். இது நறநறங்குது. நம்ம பட்டறையிலே அரைக்கிற படிகக்கல் பொடி!"

பீங்கானுக்குக் களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் மூன்றும் வேண்டும். இவற்றில் கடினமானது படிகக்கல்; மோ என்பவர் வகுத்த கடின வரிசையில் ஏழாவது படி. கத்தியின் எஃகையே கீறவல்லது. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். பம்பின் உறுப்புகளுக்கிடையே உள்ள சந்தோ சில மைக்ரான்களே. கண்ணுக்குத் தெரியாத பொடி அந்தச் சந்தில் புகுந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

பிறகு நுழைந்த வழியைக் கண்டுபிடிப்பது சிரமமாயில்லை. எண்ணெய் இருக்கும் பெட்டிக்கு மூச்சுவிட ஒரு சிறு குழாயும், அதன் தலையில் காற்றை வடிகட்டும் தொப்பியும் இருக்க வேண்டும். கலப்பை ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் எண்ணெய் மட்டம் மாறும். காற்று போய் வரும். இந்த வண்டியில் தொப்பியைக் காணோம். முன்பு வைத்திருந்தவர் அவ்விடத்தில் ஒரு கந்தல் துணியை அடைத்திருந்தார். மாவு மூட்டை ஏற்றிய நாட்களிலெல்லாம் அந்தக் கந்தல் வழியே வண்டி பொடியைச் சுவாசித்திருக்கிறது.

பெட்டியின் அடியில் எண்ணெயை வடித்து அனுப்பும் சல்லடையைக் கழற்றியதும் மீதிக் கதையும் வெளிவந்தது. முதற் பம்பு அரைபட்டு உதிர்த்த உலோகத் துகள்கள் பெட்டியிலேயே தங்கிவிட்டன. புதுப் பம்பு மாட்டியவர்கள் பெட்டியைக் கழுவவில்லை. எண்ணெய் கசியாதிருக்க சிவப்புப் பசையை மட்டும் தாராளமாய் அப்பியிருக்கிறார்கள். பிதுங்கிய பசை நாடா நாடாவாய்ப் பிய்ந்து சல்லடையைப் போர்த்திக்கொண்டது. ஒவ்வொரு பம்பும் தனக்கு முன் செத்ததன் எலும்புகளைத் தின்று செத்திருக்கிறது. நான்கு மாதம், இரண்டு மாதம், மூன்று வாரம் என்று ஆயுள் தேய்ந்துகொண்டே வந்ததன் ரகசியம் இதுவே. மட்டச் சரக்கு மூன்றும் இவ்வளவு ஒழுங்காய் வரிசை கட்டிச் சாகாது.

தரகரை அனுப்பிவிட்டார்கள். பழைய எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டது. பெட்டி, குழாய், வால்வு எல்லாம் கழுவப்பட்டன. புதுச் சல்லடையும், விறைத்துப்போன ஹோஸுக்குப் பதில் புது ஹோஸும், மூச்சுக் குழாய்க்குச் சரியான தொப்பியும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு ஒரு பம்பின் விலைகூட இல்லை. அப்புறந்தான் நான்காவது பம்பு. வறண்ட பம்பை ஓட்டக் கூடாது என்பதால், மாட்டு முன் அதனுள் சுத்தமான எண்ணெயை ஊற்றிக் கையால் சுழற்றினோம். எஞ்சினை மெதுவாய் ஓடவிட்டு, பாரமில்லாமல் பலமுறை ஏற்றி இறக்கினோம். ஐம்பது மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மறுபடி மாற்றச் சொன்னோம், மாற்றினார். அந்தப் பம்பு ஒரு விதைப்புப் பருவத்தையும் ஓர் அறுவடையையும் கடந்து இன்றைக்கும் சத்தமின்றி ஓடுகிறது. வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றொன்று அடுத்த கடலை மகசூலுக்குக் காத்திருக்கிறது.

டிராக்டர் நம் நேயர்களில் பலரிடம் இராது. ஆனால் அடிக்கடி எரிந்துபோகும் கிணற்று மோட்டாரும், மாற்ற மாற்ற உருகிப்போகும் பியூஸ் கம்பியும் எந்த வீட்டில் இல்லை? பியூஸ் மறுபடி மறுபடி உருகினால் தடித்த கம்பியைக் கட்டிவிடுகிறோம். பிறகு வீட்டுக்குள் ஓடும் கம்பியே உருகத் தலைப்படுகிறது. மறுமுறையும் கெட்ட பொருளை, மாற்றுவதற்குமுன் ஒருதரம் பிரித்துப் பாருங்கள். எப்போது கெட்டது, என்ன சத்தம் போட்டது, முந்தியதைவிட விரைவில் கெட்டதா என்று வரிசையாய்ச் சீட்டில் எழுதுங்கள். பழைய பொருளைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வராதீர்கள். காயலான் கடையில் அது இரும்பு, உங்கள் கையில் இருக்கும் வரையில் அது சாட்சி.