பதில் சொல்லாத முதல்வர்

1954 ஏப்ரலில் காமராஜர் சென்னை மாநில முதலமைச்சரானபோது, படித்தவர்கள் நடுவே பரவலாக எழுந்த கேள்வி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் கோட்டையில் உட்கார்ந்து என்ன செய்வார் என்பது. கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, உயரதிகாரிகள் ஐ.சி.எஸ். தேறியவர்கள். அவரோ சிறு வயதில் விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர். இந்த ஏளனத்துக்கு அவர் மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை.

ஏறக்குறைய இதே நிலையை எபிரேய வேதத்தின் சாமுவேல் முதலாம் புத்தகமும் காட்டுகிறது. மிஸ்பாவில் சீட்டுப் போட்டுச் சவுலை அரசனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் பென்யமீன் என்னும் சிறிய கோத்திரத்தான். இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான் என்று சிலர் இகழ்கிறார்கள். புது அரசனுக்கு வழக்கமாகத் தரும் காணிக்கையையும் கொண்டுவரவில்லை. சவுல் காதில் விழாதவன்போல் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். யாபேஸ் நகரத்தாரின் வலக்கண்களைப் பிடுங்குவேன் என்று அம்மோனியனான நாகாஸ் மிரட்டிய செய்தி வரும்போது, அவன் வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருக்கிறான். படை திரட்டிப் போய் யாபேசை மீட்கிறான். அன்று இகழ்ந்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று மக்கள் கொதிக்க, இன்று ஒருவரும் சாகக் கூடாது என்று தடுத்துவிடுகிறான்.

கையில் பலமில்லாதபோது வாயை மூடிக்கொள்வதை அச்சம் என்றும் சொல்லலாம். வென்ற பிறகும் பழைய கணக்கைத் தீர்க்காமல் விடுவதில்தான் அந்த மௌனத்தின் தரம் தெரிகிறது. காமராஜரிடம் அது உடனே தெரிந்தது. சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். 93-க்கு 41 என்று காமராஜர் வென்றார். வென்ற கையோடு இருவரையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சுப்பிரமணியத்துக்கு நிதியும் கல்வியும் கிடைத்தன. முந்தைய முதல்வர் ராஜாஜி பதவி விலகக் காரணமாக இருந்ததே அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம். அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர் சுப்பிரமணியம். அதைக் கைவிடும் அறிவிப்பும் மே மாதம் அவர் வழியாகவே வந்தது. தோற்றவரின் மானத்தைக் காப்பாற்றி, அவர் திறமையையும் ஆட்சிக்குப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது. அதைத் தந்திரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது.

தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் குடியிருந்தது வாடகை வீட்டில். மனுவோடு வந்தவர்களுக்கு அவர் சொன்ன ஒற்றைச் சொல் 'பார்க்கலாம்' என்பது ஊரறிந்தது. படிக்காதவர் என்ற பேச்சுக்குப் பதில், மூடிய பள்ளிகள் திறந்ததிலும் மதிய உணவிலும் இருந்தது.

சவுலால் அந்தப் பொறுமையைக் கடைசிவரை காக்க முடியவில்லை. தாவீது என்னும் இளம் வீரனைப் பெண்கள் தன்னைவிட உயர்த்திப் பாடியதைக் கேட்டுப் பொருமினான்; மறுநாளே அவன்மேல் ஈட்டியை எறிந்தான். வேதம் இதை மறைக்காமல் எழுதியிருப்பது அதன் நேர்மை. காமராஜரிடம் அப்படி நேரவில்லை. 1967-இல் சொந்த ஊரிலேயே ஓர் இளைஞரிடம் தோற்றார். 1971 தேர்தலில், தம் பழைய அரசியல் போட்டியாளரான ராஜாஜியோடு ஒரே அணியில் நின்றார்.