வம்பப் புள்

பறவை ஒன்று தன் வாழிடத்திலிருந்து ஆயிரம் காதம் விலகி, எவரும் எதிர்பாராத ஓர் ஊரில் வந்திறங்கினால் அதனை என்ன சொல்லால் அழைப்பது? ஆங்கிலப் பறவை நூல்கள் 'வேக்ரன்ட்' என்கின்றன. வீடும் தொழிலும் இன்றித் திரிபவனைக் குறித்த சொல் அது. நம் சட்டங்களிலும் ஒரு காலத்தில் குற்றப்பெயராக இருந்தது. தமிழில் எழுதும் பறவை ஆர்வலர்கள் 'வழிதவறிய பறவை' என்கிறார்கள். இரண்டு சொற்களுமே பறவையைக் கண்ட கணத்திலேயே அதன்மேல் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகின்றன. மொழியியல் படித்தவள் என்பதால் இச்சொற்கள் எனக்குச் சில ஆண்டுகளாகவே உறுத்தலாக இருக்கின்றன. உறுத்தலைத் தொடங்கிவைத்தது எங்கள் ஊர்ப்பக்கம் வந்த ஒரு பாறு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தது. அந்நாள்களில் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இளம் பாறு ஒன்று மீட்கப்பட்டது. 'சினேரியஸ்' என்னும் சாம்பல்கருமை நிறப் பாறு அது. சிறகு விரித்தால் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஸ்பெயினிலிருந்து மங்கோலியா வரை விரிந்த மலைநாடுகளில் மரங்களின்மேல் கூடு கட்டும் இனம். குளிர்காலத்தில் அவற்றுள் ஒரு பகுதி இராஜஸ்தான், குஜராத் வரை வருவதுண்டு. குமரி வரை வருவது வழக்கமன்று. அதற்கு 'ஒக்கி' என்றே பெயரிட்டார்கள். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் வனத்துறை நடத்தும் உயிரியல் பூங்காவில் அது வளர்க்கப்பட்டது.

காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று பேருந்து மாறிச் சென்றால் அக்கோட்டை தொலைவன்று. நான் முதலில் அங்குப் போனது பறவைக்காக அன்று, ஒரு கல்லறைக்காக. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னர் திருவிதாங்கூரின் படைத்தளபதியாகி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர்பெற்று, 1777இல் இறந்து அங்கேயே அடங்கியிருக்கிறார். அவருடைய கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தத் தமிழைப் பார்க்கத்தான் போனேன். கூரையிழந்த தேவாலயச் சுவர்களுக்குள் குறிப்பெடுத்து முடித்தபின், வந்திருந்தவர்கள் பேசிக்கொண்டு நடந்த திசையில் நானும் நடந்தேன்.

கம்பிவலைக்கு அப்பால் அது நின்றது. நான் அதுவரை பாறு எதனையும் நேரில் கண்டதில்லை. என் தலைமுறையில் பெரும்பாலோர் கண்டதில்லை. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட 'டைக்குளோபினாக்' என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாடுகளின் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990களிலிருந்து இந்தியாவின் சில பாறு இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழிந்தன. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. ஆகவே என் முன் நின்றது தொலைதேயத்து விருந்தினர் மட்டுமன்று. எங்கள் வானத்திலிருந்து நாங்கள் அறியாமலே மறைந்துபோன ஒரு குடும்பத்தின் உறவினரும்கூட. எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த உவகையை நான் மறுக்கப்போவதில்லை. அரிதான ஒன்றைக் காணும்போது மனிதருக்கு வரும் உவகை இழிவானதன்று.

அங்கே நின்றிருந்தவர்கள் அதனைச் சுட்டிய சொற்களை வழக்கம்போல் குறித்துக்கொண்டேன். 'பருந்து' என்றார் ஒருவர். 'கழுகு' என்றார் மற்றொருவர். எல்லைக்கு இப்பாலிருந்து வந்த ஒரு குடும்பம் 'கழுகன்' என்றது. இம்மூன்றில் மலையாளம் கலந்த அந்தச் சொல்லே பொருளளவில் பாறுக்கு நெருக்கமானது. ஏனெனில் இற்றைத் தமிழில் 'கழுகு' வேட்டைப் பறவைக்கும் பிணந்தின்னும் பறவைக்கும் பொதுவாகிவிட்டது. 'பாறு' என்னும் பழஞ்சொல்லோ ஆர்வலர்களின் நூல்களில்தான் உயிர்வாழ்கிறது. பறவை மறைந்தால் அதன் பெயரும் மங்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அப்போது என்னருகில் நின்ற ஒரு முதியவள் கேட்டாள்: "மக்களே, இது எந்த ஊருப் பட்சி?" வடக்கே மிகத் தொலைவிலிருந்து வந்தது பாட்டி என்றேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இதுக்கும் தள்ளை இருக்கும்லா? தேடும்லா?" என்றாள்.

'தள்ளை' என்பது தாய். அகராதிகளில் உறங்கும் அச்சொல் எங்கள் எல்லைப்பகுதியில் விழித்திருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது சொல்லன்று, கேள்வி. நாங்கள் அனைவரும் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிது, எவ்வளவு அரிது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் அதற்கு யார் வேண்டும் என்று கேட்டாள். அந்தப் புயலின் ஆண்டில் குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் கடலிலிருந்து திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, பூந்துறை என்று ஊர்தோறும் மக்கள் கரையில் நின்று காத்திருந்தார்கள். அவள் எந்த ஊரினள் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊரினளாயினும், இந்தக் கரையில் 'தேடும்' என்னும் வினையின் பொருள் 2017க்குப் பின் முன்போல் இல்லை.

பழந்தமிழுக்குத் திரும்புகிறேன். சங்கப் பாடல்களில் 'வம்பு' என்னும் உரிச்சொல் புதுமையைக் குறித்தது. புதிதாய் வரும் வழிப்போக்கர் வம்பலர். பருவமல்லாப் பருவத்தில் பெய்யும் மழை வம்ப மாரி. புதிதாய் வந்திறங்கும் நாரை வம்ப நாரை. தொல்காப்பியம் இச்சொல்லுக்கு நிலைத்திராத் தன்மையைப் பொருளாகத் தருகிறது. புதிதாக வந்தது, நிலையாக இராதது. இவ்வளவே. வழிதவறியது என்ற பழியோ, வீடற்றது என்ற இழிவோ அதில் இல்லை. பின்னாளில் இதே சொல் தொல்லை, வீண்சண்டை, ஊர்ப்பேச்சு என்னும் பொருள்களுக்கு இறங்கிவிட்டது. அச்சரிவின் ஒவ்வொரு படியையும் என்னால் நிறுவ இயலாது. ஆயினும், புதியது என்பதிலிருந்து தொல்லை என்பதற்குச் செல்லும் பாதை, அயலாரை ஏற்கத் தயங்கும் எந்த ஊருக்கும் அறிமுகமான பாதைதான்.

'தவறியது' என்று முந்திக்கொண்டு தீர்ப்பளிப்பது அறிவியல் நோக்கிலும் பொருந்துவதில்லை. நெய்யாற்றின்கரை வயல்களில் மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வினம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து தென்னமெரிக்காவில் இறங்கியது. முதலில் கண்டவர்களுக்கு அது வழிதவறிய பறவை. இன்று அமெரிக்கக் கண்டங்களெங்கும் அது குடியிருக்கும் பறவை. தவறிய வழி சில வேளைகளில் புதிய வழியாகிறது. சில வேளைகளில் ஆகாது. பெருங்கடலில் விழுந்து இறப்பனவே மிகுதி. எது எதுவாகும் என்பது வந்திறங்கிய நாளில் எவருக்கும் தெரியாது.

பறவைகளின் பரவல் வரைபடங்களில் நிறந்தீட்டிய பரப்புக்கு ஒரு விளிம்பு இருக்கும். அவ்விளிம்பைக் காணும்போதெல்லாம் 1956 நவம்பர் 1 என் நினைவுக்கு வருகிறது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் வீடுகளில் பேசப்படும் தமிழ், ஓர் அங்குலமும் நகராமலேயே, தன் எல்லைக்கு வெளியே வாழும் மொழியாயிற்று. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் என் பேச்சைக் கேட்டு 'நீங்கள் மலையாளியா?' என்று வியந்தவர்கள் உண்டு. அவர்களின் வியப்பில் பகைமை இல்லை. அரியதைக் கண்ட மகிழ்ச்சியே இருந்தது. அம்மகிழ்ச்சிக்கு ஆளாகி நிற்பது எப்படி இருக்கும் என்பதை நான் ஓரளவு அறிவேன். அதனால்தான் கம்பிவலையின் இரு பக்கமும் எனக்குத் தெரிந்தன.

உவகை தீதன்று என்றேன். அது என்ன செய்யக்கூடும் என்பதற்கு அஸ்ஸாம் ஒரு சான்று. 2021 பிப்ரவரியில் தின்சுகியா மாவட்டத்து மாகுரி மோட்டாபுங் நீர்நிலையில் மாண்டரின் வாத்து ஒன்று இறங்கியது. 1902க்குப் பின் அப்பகுதியில் அதன் முதல் வருகை என்று நாடே பேசியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அருகிலிருந்த பாக்ஜான் எண்ணெய்க் கிணறு வெடித்து, அந்நீர்நிலை எண்ணெயில் மூழ்கியிருந்தது. வண்ண வாத்தைப் பார்க்க வந்த கண்கள், நீரையும் பார்த்தன.

ஒக்கிக்கு நேர்ந்ததும் அதுபோன்ற ஒரு திருப்பமே. பாறுகள் இரை தேடும்போது ஒன்றையொன்று நோக்கும் உயிர்கள். வானில் ஒன்று இறங்குவதைக் கண்டு மற்றொன்று இறங்கும்; அவ்வாறுதான் அவை இரையை அறிகின்றன. எத்துணை அன்போடு உணவிட்டாலும், தன்னினத்தின் ஒரு சிறகையும் காணாத வானம் அதற்கு வானமாகாது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின், 2022 நவம்பரில், அது சாலை வழியே சென்னைக்கும் அங்கிருந்து வானூர்தியில் ஜோத்பூருக்கும் கொண்டுசெல்லப்பட்டது. மாச்சியா உயிரியல் பூங்காவில் சில காலம் பழக்கப்பட்டபின், திறந்தவெளியில் விடுவிக்கப்பட்டது. ஜோத்பூரை அடுத்த கேரு என்னும் இடத்தில், இறந்த கால்நடைகளைக் கொட்டும் பரப்பில், குளிர்காலந்தோறும் பாறுகள் பெருங்கூட்டமாய் இறங்கும். அதன் உறவினர் கூடும் இடம் அது.

ஒரு பறவைக்காக அரசுத் துறைகள் இத்துணை முயல வேண்டுமா என்று என் நண்பர் ஒருவர் அப்போது கேட்டார். கரையில் காத்திருந்தவர்களை நினைத்து எழுந்த கேள்வி அது என்பதால் நான் அதனை மதிக்கிறேன். மனிதரைத் தேடுவதில் குறை இருந்தால் அது கண்டிக்கப்பட வேண்டியதே. அக்குறைக்குப் பறவை காரணமன்று. இரக்கம் ஓரிடத்தில் செலவழிந்தால் மற்றோரிடத்தில் தீர்ந்துவிடும் பண்டமும் அன்று. அந்த முதியவளின் ஒற்றை வினையில் இரண்டு தேடலும் சேர்ந்தே இருந்தன.

ஆகவே, என் பரிந்துரை எளியது. நம் கலைச்சொல் பட்டியல்களில் 'வழிதவறிய பறவை' என்னும் இடத்தில் 'வம்பப் புள்' என்பதை வைத்துப் பார்ப்போம். புதிதாய் வந்தது; இருக்கவும் கூடும், போகவும் கூடும். தீர்ப்பை ஒத்திவைக்கும் சொல் அது. தீர்ப்பை ஒத்திவைத்தால்தான் அடுத்த கேள்விக்கு இடம் கிடைக்கும்: உனக்கு யார் வேண்டும்?

உங்கள் ஊர்களில் பருவந்தவறி வரும் பறவைகளுக்கு, குறிப்பாகப் பாறுக்கும் கழுகுக்கும், பெரியோர் வழங்கும் பெயர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப்பெயரையும், சொன்னவரின் ஏறத்தாழ வயதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும். பெயரோடு அவர்கள் சொன்ன முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். பல வேளைகளில் சொல்லைவிட அதைச் சூழ்ந்த வாக்கியமே நமக்குத் தேவைப்படுகிறது.