தீயில் குளித்த பலகைகள்

மரத்திற்கு நெருப்பு பகை என்பதை நாம் அறிவோம். அந்தப் பகையையே மரத்திற்குக் காவலாக்கிய மக்களைக் காண வேண்டுமா? ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் இருக்கும் நவோஷிமா என்னும் சிறு தீவுக்குச் செல்லுங்கள்.

ஒகாயமா மாநிலத்து உனோ துறைமுகத்தில் படகேறினால், ஏறத்தாழ 20 நிமிடங்களில் தீவின் மேற்குக் கரையை அடைந்துவிடலாம். கிழக்குக் கரையில் ஹொன்முரா என்னும் பழைய ஊர் உள்ளது. அதன் குறுகிய தெருக்களில் நடந்தால் இருபுறமும் கன்னங்கரிய பலகைச் சுவர்களைக் காண்பீர்கள். தீ விபத்தில் கருகிய வீடுகளோ என்று முதலில் ஐயம் எழும். அருகே சென்று பார்த்தால், அவை வேண்டுமென்றே சுட்டெடுக்கப்பட்ட பலகைகள் என்பது விளங்கும்.

சுகி என்னும் ஊசியிலை மரத்தைச் சுட்டுச் செய்வதால் இதற்கு 'யாக்கிசுகி' என்று பெயர். மூன்று நீண்ட பலகைகளை முக்கோணக் குழாய்போல் சேர்த்துக் கட்டி நிமிர்த்துவார்கள். அடியில் தீ மூட்டியதும், புகைபோக்கியில் ஏறுவதுபோல் சுவாலை உள்ளே விரைந்து ஏறும். சில நிமிடங்களில் பலகைகளின் உட்புறம் கரியாகிவிடும். உடனே கட்டைப் பிரித்து நீரூற்றி அணைப்பார்கள். கரிந்த பக்கம் வெளியே தெரியுமாறு சுவரில் அறைவார்கள். உப்புக் காற்றும் மழையும் வெயிலும் முதலில் அந்தக் கரிப்படலத்தைத்தான் தாக்கும். உள்ளிருக்கும் மரம் காக்கப்படும். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ, 1999இல் இவ்வூரில் அமைத்த மினாமிதெரா என்னும் கலைக்கூடத்திற்கும் இத்தகைய பலகைகளையே போர்த்தினார்.

இன்று இந்த அழகு பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. வீட்டின் வெளிமுற்றத்தில் தரையாகவும் கரிந்த பலகைகளைப் பரப்ப விரும்புகிறார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால், ஜப்பானியர் அதை எங்கே வைத்தார்கள் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். அவர்களின் மரபில் சுட்ட பலகைக்குரிய இடம் சுவர். வீட்டோரத்தில் அமர்ந்து காற்று வாங்கும் 'எங்கவா' என்னும் திண்ணைக்குச் சுடாத மரத்தையே இட்டார்கள். பல ஆண்டுகள் பாதங்கள் பட்டுப் பட்டு அது மெருகேறும்.

காரணம் எளிது. கரி மென்மையானது. மழை பட்டாலும் சுவரில் நெடுங்காலம் நிற்கும் அது, காலடியில் நொறுங்கிப் பொடியாகும். ஓடியாடும் குழந்தைகளின் பாதத்திலும், மாலையில் அமர்வோரின் வெள்ளாடையிலும் கறை ஒட்டும். நடமாட்டம் மிகுந்த இடத்தில் கருமை தேய்ந்து வெண்திட்டுகள் தோன்றும். கரிய தரை வெயிலை மிகுதியாக உள்வாங்குமாதலால் நம் நாட்டு நண்பகலில் வெறுங்காலுடன் நிற்கவும் இயலாது.

அப்படியானால் ஆசையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மேற்பரப்பை இலேசாகச் சுட்டு, கம்பித் தூரிகையால் உதிரும் கரியை முற்றிலும் தேய்த்து நீக்கினால், மரத்தின் வரிகள் மேடாக எழுந்து நிற்கும்; ஆழ்ந்த பழுப்பு நிறமும் தங்கும். அதன்மேல் எண்ணெய் பூசி நன்கு உலரவிட வேண்டும். சுகி மென்மரமாதலால் தரைக்குக் கடினமான மரமே ஏற்றது. பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளி விடுங்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும்படி, மண்ணில் படாமல் சட்டங்களின்மேல் உயர்த்தி அமையுங்கள். நிழல் விழும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய் வற்றியதும் மீண்டும் பூசுவதற்கு மறவாதீர்கள். இத்தனையும் செய்தாலும் நடைபாதையில் நிறம் மெல்ல வெளிறும் என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

முழுக் கருமையின் அழகுதான் வேண்டுமென்றால், முற்றத்தைச் சூழும் மதிலுக்கு அதை அணிவியுங்கள். ஹொன்முராவின் தெருக்களில் அது நிற்பதும் அங்கேதான்.