பதினெட்டு வளைவும் ஒரு டர்போவும்

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போக மாமாவின் சின்ன எஸ்.யூ.வி.யை இரவல் வாங்கினோம். 1.2 லீற்றர் டர்போ பெற்றோல், மனுவல் கியர். மகாஓயா தாண்டி மகியங்கனை வரைக்கும் ஆறாம் கியரில் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. எங்களுக்கும் பெருமைதான்.

பதினெட்டு வளைவு ஏற்றத்தில்தான் பாடம் தொடங்கியது. ஒரு வளைவில் மூன்றாம் கியரோடயே திரும்பினோம். எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை, நடுங்கி நின்றுவிட்டது. பின்னால பஸ். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதலாம் கியரில் ஏறும்வரை ஒருத்தரும் கதைக்கவில்லை. கிளச் கருகின மணம் மட்டும்.

பிழை எங்களில்தான். எஞ்சின் வெளியே தள்ளும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் புகையும் குறைவு, இழுவையும் குறைவு. அந்த நேரம் அது வெறும் 1200 சிசி எஞ்சின். அடுத்த வளைவிலிருந்து, திரும்ப முதலே இரண்டாம் கியருக்கு வந்தோம். அதே வண்டி, சத்தமில்லாமல் ஏறியது. திரும்பி வரும்போது இறக்கத்திலும் இரண்டாம் கியர்தான். பிரேக்கில் கால் வைக்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

வீட்டுக்கு வந்து திறப்பைக் கொடுத்தோம். மாமா கேட்ட முதல் கேள்வி: "எத்தினையாவது வளைவில நிண்டது?"